ஆளைப் பிடிப்பதா, சட்டத்தைத் திருத்துவதா?

பல வருடங்களுக்கு முன்னர் என் கடைக்கு ஓர் அரச அலுவலகத்திலிருந்து கடிதமொன்று வந்தது. இன்ன திகதியில் விசாரணைக்குச் சமுகமளிக்கவும் என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இருக்கவில்லை. எந்தப் பொருள் பற்றிய முறைப்பாடு, என்ன குற்றம் என்று எதுவும் தெரியாமல் போய் நின்றேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எழுதிக் கையொப்பமும் வாங்கினார்கள். பின்னர் அந்த வாக்குமூலமே எனக்கெதிரான ஆதாரமாயிற்று. பக்கத்துக் கடை ஹாஜியார் சொன்ன ஆலோசனை ஒன்றுதான்: "தம்பி, மேல யாராவது ஆளப் புடிங்க." பிடித்தேன். தண்டம் குறைந்தது. அடுத்த மாதம் எதிர்க்கடைக்காரருக்கும் அதேபோன்று கடிதம் வந்தது. அவருக்குப் பிடிக்க ஆள் இருக்கவில்லை.

அமெரிக்காவின் தனியார் விமானிகள் தமது உரிமைகளுக்காக நடத்திய போராட்டத்தைப் பற்றி வாசித்தபோது அந்த எதிர்க்கடைக்காரரின் முகம்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

தனியார் விமானிகள் என்றதும் கோடீஸ்வரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களும் உண்டு. ஆனால், பழைய நான்கு ஆசன விமானமொன்றை நண்பர்களோடு கூட்டாக வாங்கி ஓட்டும் விவசாயிகளும் சிறு தொழில் செய்வோருமே அங்கு ஏராளம். இவர்களுக்காக 1939ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டதுதான் விமான உரிமையாளர், விமானிகள் சங்கம். இன்று ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் சந்தா செலுத்தும் பெரும் அமைப்பாக அது இருக்கிறது.

2010 ஒக்டோபரில் ஒரு சம்பவம் நடந்தது. ஒக்லஹோமா மாநில செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், அப்போது 75 வயதுடையவர், தனது விமானத்தை டெக்சாஸில் உள்ள சிறிய விமான நிலையமொன்றில் இறக்கினார். அந்த ஓடுபாதை மூடப்பட்டிருந்தது. பெரிய எக்ஸ் குறி போடப்பட்டு, அதன்மீது தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. எப்.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் விசாரித்தது. அவருடைய அனுமதிப்பத்திரம் பறிக்கப்படவில்லை. மீள்பயிற்சி பெறும்படி பணிக்கப்பட்டார்.

தவறு அவருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், தன் தரப்பை நிரூபிக்கத் தேவையான பதிவுகளைப் பெறுவதற்குத் தான் பட்ட சிரமத்தை அவர் பகிரங்கமாகவே முறையிட்டார். செனட்டருக்கே இந்நிலை என்றால் சாதாரண விமானியின் கதி என்ன என்பதே அவருடைய கேள்வி. இஸ்ரேல் விடயத்தில் இந்த மனிதரின் நிலைப்பாடு நமக்கு எவ்வகையிலும் ஏற்புடையதல்ல. எனினும், இந்தக் கேள்வி நியாயமானது.

அவர் கொண்டுவந்த 'விமானிகளின் உரிமைகள்' சட்டமூலத்துக்கு விமானிகள் அமைப்புகள் தோள் கொடுத்தன. 2012 ஆகஸ்ட் 3ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா அதில் கையொப்பமிட்டார். அதன்படி, ஒரு விமானியை விசாரிக்கும்போது எது பற்றிய விசாரணை என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். பதில் சொல்வது கட்டாயமல்ல என்பதையும், சொன்னால் அது அவருக்கெதிராகவே பயன்படலாம் என்பதையும் தெரிவிக்க வேண்டும். வெளியிடக்கூடிய ஆதாரங்களை அவர் பார்க்கலாம். இறுதித் தீர்ப்பில் திருப்தியில்லாவிட்டால் மத்திய மாவட்ட நீதிமன்றம் வரை செல்லலாம். இதை வாசித்ததும் நான் கையொப்பமிட்ட அந்தக் காகிதம் கண்முன் வந்து போனது.

அடுத்தது வைத்தியச் சான்றிதழ். நாற்பது வயதைத் தாண்டிய தனியார் விமானி, நிர்வாகம் அங்கீகரித்த வைத்தியரிடம் இரண்டு வருடத்துக்கொரு முறை சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. மிக இலகுரக விமானங்களை ஓட்டுவோருக்கோ 2004 முதல் வாகனச் சாரதி அனுமதிப்பத்திரமே போதுமானதாக இருந்தது. இந்த அனுபவத்தை ஆதாரமாகக் காட்டி 2012இல் இரண்டு சங்கங்கள் சேர்ந்து மனு கொடுத்தன. ஆயிரக்கணக்கானோர் எழுத்துமூலம் கருத்துத் தெரிவித்தனர். நிர்வாகத்தில் காரியம் இழுபட்டபோது சங்கங்கள் சோர்ந்துவிடவில்லை. காங்கிரஸின் கதவைத் தட்டின. 2016 ஜூலையில் சட்டம் நிறைவேறி, 2017 மே முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது.

அவர்கள் "எங்களை விட்டுவிடுங்கள்" என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு வருடத்துக்கொரு முறை சாதாரண வைத்தியரிடம் முழுப் பரிசோதனை, இரண்டு வருடத்துக்கொரு முறை ஆரோக்கியம் பற்றிய பாடநெறி, விமானத்தின் எடைக்கும் வேகத்துக்கும் உயரத்துக்கும் வரம்பு என்ற நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டே சலுகையைப் பெற்றார்கள். பயணியின் உயிர் ஓர் அமானிதம். அதைக் காக்கும் மாற்றுவழியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். 2024இல் அந்த எடை வரம்பும் 6,000 இறாத்தலிலிருந்து 12,500 இறாத்தலாக உயர்த்தப்பட்டது.

பணவிடயத்திலும் அவர்கள் இப்படித்தான். 2007இல் சிறிய விமானங்களின் பெற்றோல் வரியை கலனுக்கு 19.4 சதத்திலிருந்து 70.1 சதமாக உயர்த்தும் யோசனை வந்தது. பெரிய விமானக் கம்பனிகளோ செலவில் அதிக பங்கைச் சிறியவர்கள் சுமக்க வேண்டும் என்று வாதாடின. அமெரிக்காவில் பொதுமக்கள் பாவிக்கும் விமான நிலையங்கள் சுமார் 5,000 உண்டு. விமானக் கம்பனிகளின் சேவை நடப்பது அவற்றில் சில நூறில் மட்டுமே. ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சிறிய நிலையமும் அதைச் சார்ந்த வாக்காளர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தத்தமது பிரதிநிதிக்கு எழுதினார்கள். அந்த வரி உயர்வு சட்டமாகவில்லை.

அமெரிக்காவில் தேர்தல் நிதி கொடுப்பதும் இந்த முயற்சிகளின் ஒரு பகுதி. அதை நாம் பின்பற்றத் தேவையில்லை. இலஞ்சம் பற்றிய மார்க்கத்தின் நிலைப்பாடும் நமக்குத் தெரிந்ததே. நான் எடுத்துக்கொள்வது மற்றதைத்தான்: தெளிவான ஒரு கோரிக்கை, அதற்கான ஆதாரம், ஒழுங்காகச் சந்தா கட்டும் சங்கம், வருடக்கணக்கில் பொறுமை.

நமது கடைத்தெருச் சங்கங்கள் பல இப்தாருக்கும் அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தவும் மட்டுமே கூடுகின்றன. அடுத்த கூட்டத்தில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி மஷூரா செய்யுங்கள். நம்மைப் பாதிக்கும் ஒழுங்குவிதி எது, அதில் எந்த வாசகம் மாற வேண்டும், பாவனையாளருக்குப் பாதிப்பில்லாமல் அதற்குப் பதிலாக எதை வைக்கலாம் என்று எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். அதை உரிய திணைக்களத்துக்கும் உங்கள் தொகுதியின் எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் கொடுங்கள்.

ஆளைப் பிடித்து அன்று நான் தப்பினேன். அந்தக் கடிதத்தின் வாசகத்தை மாற்றும்படி கேட்டிருந்தால் எதிர்க்கடைக்காரரும் தப்பியிருப்பார். அவர் இப்போது அந்தக் கடையை நடத்துவதில்லை.