மூன்றாவது பூ

மனநல மருத்துவமனை ஒன்றில் இருபத்தாறு வருஷம் ஆண் செவிலியராக வேலை பார்த்தேன். இரவு டியூட்டியில் இரண்டு மணிக்கு மேல்தான் வார்டு அடங்கும். கேஸ் ஷீட் எழுதி முடித்துவிட்டால், விடியும்வரை கண்ணை இழுத்துப் பிடிக்க ஏதாவது வேண்டுமே. எனக்கு ரஷ்யக் கதைகள் வாய்த்தன. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சியில் சல்லிசாக வாங்கிய ஒரு செகாவ் புத்தகத்தில் ஆரம்பித்தது. "பொழுதன்னிக்கும் இவங்களோட மாரடிக்கிறது போதாதா தம்பி? படிக்கிறதும் இதே கதைதானா?" என்பார் எங்கள் ஹெட் நர்ஸ் அக்கா. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

தஸ்தயேவ்ஸ்கியைப் படித்துத் தூக்கம் கெட்டவர்கள் நம்மிடையே ஏராளம். எம்.ஏ.சுசீலா 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவந்த பிறகு அந்தக் கூட்டம் இன்னும் பெருகிவிட்டது. கார்ஷின் என்று சொன்னால் மட்டும் "யாரது?" என்கிறார்கள். விசெவோலத் கார்ஷின். 1855இல் பிறந்து 1888இல் போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பத்து மூன்று வயது. அவர் எழுதிய கதைகள் அத்தனையும் ஒரே புத்தகத்தில் அடங்கும். அதில் ஒன்று 'சிவப்பு மலர்', 1883இல் வெளிவந்தது. ரஷ்யாவின் இருட்டு எப்படிப்பட்டது என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கதை ஒரு அட்மிஷனில் தொடங்குகிறது. பத்து நாளாகத் தூங்காத ஒருவனைக் கட்டிக் கொண்டுவருகிறார்கள். உள்ளே வந்ததும் முதலாம் பீட்டர் சக்கரவர்த்தியின் பேரால் இந்த ஆஸ்பத்திரியைத் தணிக்கை செய்ய வந்திருப்பதாக முழங்குகிறான். பீட்டர் செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவனைக் குளியலறைக்கு அழைத்துப் போகிறார்கள். இருட்டும் கல்தரையுமாக இருக்கும் அந்த இடத்தைச் சித்திரவதைக் கூடம் என்று நினைத்து அலறுகிறான். கழுத்தில் போட்டிருந்த பிளாஸ்திரியைப் பணியாள் முரட்டுத் துணியால் தேய்த்து எடுக்கும்போது மேல்தோலும் சேர்ந்து வருகிறது. இதையெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவரால் எழுத முடியாது. இன்னொரு விவரமும் உண்டு. அவன் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறான். எடை மட்டும் நாளுக்கு நாள் இறங்குகிறது, கம்பவுண்டர் அதைத் தினமும் நோட்டில் குறித்துக்கொள்கிறார். இந்த நோயைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எடை பார்க்கும் மெஷின் பொய் சொல்லாது. சிகோர்ஸ்கி என்ற மனநல மருத்துவர் (ஹெலிகாப்டர் செய்த சிகோர்ஸ்கியின் அப்பா) இந்தக் கதையைப் பற்றி மருத்துவ இதழிலேயே மெச்சி எழுதினார்.

தோட்டத்தில் கசகசாச் செடி. அதில் ரத்தச் சிவப்பாக ஒரு பூ. உலகத்தின் கேடெல்லாம், சிந்திய அப்பாவி ரத்தமெல்லாம் அதில் வந்து சேர்ந்திருக்கிறது என்பது அவனுடைய நம்பிக்கை. பறித்துத் தூக்கி எறிந்தால் விஷம் காற்றில் கலந்துவிடுமாம். அதனால் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொள்கிறான். ஏறுகிற விஷம் தன்மேல் ஏறட்டும், ஊரைத் தொடவேண்டாம் என்று. முதல் பூ, இரண்டாவது பூ. மூன்றாவது மொட்டு விரிவதற்குள் அவனைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறார்கள். ராத்திரி கட்டை அவிழ்த்து, ஜன்னல் கம்பியை வளைத்து, நகம் பிய்யச் சுவர் ஏறிப் போய் அதையும் பறித்துவிடுகிறான். காலையில் பிணமாகக் கிடக்கிறான். மூடிய கையைப் பிரிக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை. பூவோடு புதைக்கிறார்கள்.

அவன் தப்பித்த அந்த நேரத்தில் காவலாள் தூங்கிவிடுகிறான். அந்த இடம் வரும்போதெல்லாம் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய் வார்டை ஒரு சுற்று சுற்றி வருவேன்.

இந்தக் கதையில் வில்லன் கிடையாது. டாக்டர் நல்லவர், செய்யவேண்டியதைச் செய்கிறார். பணியாட்கள் கொடியவர்கள் அல்ல. அத்தனை பேரும் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள், அப்படியும் அவன் தனியாகவே சாகிறான். அங்கே நோயாளிகள் போட்டிருக்கும் குல்லாயில் செஞ்சிலுவை இருக்கும். போர் ஆஸ்பத்திரியில் பயன்பட்டு, பிறகு ஏலத்தில் எடுத்த குல்லாய்கள். இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார் கார்ஷின். அவரும் அந்தப் போரில் இருந்தவர். 1877இல் துருக்கியோடு போர் மூண்டபோது, மற்றவர்கள் சாகும்போது நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பதா என்று சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, காலில் குண்டடி பட்டுத் திரும்பினார். அதே வருஷம் வந்த 'நான்கு நாட்கள்' அவரை ஊரறிய வைத்தது. அடிபட்டு எழ முடியாமல் கிடக்கும் ஒரு சிப்பாய், தான் குத்திக் கொன்றவனின் பிணத்துக்குப் பக்கத்தில் நான்கு நாள் கிடக்கிறான். செத்தவனின் குடுவைத் தண்ணீர்தான் அவன் உயிரைக் காப்பாற்றுகிறது.

எங்கள் வார்டில் ஒரு கொத்தனார் இருந்தார். குழாயடியை விட்டு நகரமாட்டார். ஊர்த் தண்ணீரில் யாரோ விஷம் கலக்கப் போகிறார்கள், தான் கண்ணயர்ந்தால் ஊரே போச்சு என்பார். "நீங்க போய்ப் படுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று எனக்கே தைரியம் சொல்வார். அவருக்கு ஊசி போட்டுத் தூங்கவைப்பது என் வேலை, செய்தேன். அதுதான் சரியான வைத்தியம். மூன்று வாரத்தில் தெளிந்து வீட்டுக்குப் போனார். கேஸ் ஷீட்டில் 'தூக்கமில்லை, ஓரிடத்தில் இருப்பதில்லை' என்று எழுதினேன். அவர் யாருக்காக விழித்திருந்தார் என்பதை எழுத அதில் கட்டம் இல்லை.

இனி ஒரு மைதானத்தின் கதை. பீட்டர்ஸ்பர்க்கில் செம்யோனவ்ஸ்கி மைதானம். 1849 டிசம்பர் 22ஆம் தேதி (பழைய ரஷ்யக் காலண்டர்படி) இருபத்தெட்டு வயது தஸ்தயேவ்ஸ்கியை மற்ற அரசியல் கைதிகளோடு அங்கே நிறுத்தினார்கள். தடைசெய்த விஷயங்களைக் கூடிப் படித்தார்கள், பேசினார்கள் என்பது குற்றம். மரண தண்டனையை வாசித்து, முதல் மூன்று பேரைக் கம்பத்தில் கட்டி, துப்பாக்கியையும் நீட்டிய பிறகு ஜார் மன்னித்துவிட்டதாக அறிவிப்பு. எல்லாம் முன்கூட்டியே போட்ட திட்டம், ஒரு நாடகம். கம்பத்தில் கட்டப்பட்ட மூவரில் கிரிகோரியெவ் என்பவருக்கு அதன்பின் புத்தி தெளியவே இல்லை. தஸ்தயேவ்ஸ்கி சைபீரியாவில் நான்கு வருஷம் விலங்கோடு கிடந்துவிட்டு வந்தார்.

முப்பது வருஷம் கழித்து, 1880 பிப்ரவரி 20. ஜாரிடம் சர்வ அதிகாரம் பெற்றிருந்த லோரிஸ் மெலிக்கோவை மிலதேத்ஸ்கி என்ற இளைஞன் சுட்டான். குறி தப்பியது. மறுநாளே விசாரணை, மறுநாளே தூக்குத் தீர்ப்பு. அன்று ராத்திரி கார்ஷின் லோரிஸ் மெலிக்கோவின் வீட்டுக்கே போனார். உங்களைச் சுட்டவனை நீங்களே மன்னியுங்கள் என்று கெஞ்சினார். 22ஆம் தேதி காலை அதே செம்யோனவ்ஸ்கி மைதானத்தில் தூக்கு நடந்தது. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஐம்பத்தெட்டு வயது தஸ்தயேவ்ஸ்கியும் நின்றிருந்தார்.

கார்ஷினின் மனம் அதோடு உடைந்தது. ஊர் ஊராக அலைந்தார், டால்ஸ்டாயின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டினார், கடைசியில் கார்க்கவ் நகரத்து மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். தூக்குமேடையால்தான் நோய் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். பதினெட்டு வயதுக்குள்ளேயே ஒருமுறை ஆஸ்பத்திரியில் இருந்தவர் அவர். நோய் நோய்தான். அதைப் புனிதமாக்கிப் பேசுகிறவர்கள் ஒரு வாரம் வார்டில் வந்து வேலை செய்யட்டும். ஆனால் அந்த நோய் எதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது என்பது வேறு கேள்வி. தஸ்தயேவ்ஸ்கியின் கதை ஒன்றில் வரும் நிலவறை மனிதன், பட்ட அவமானத்தை உள்ளேயே வைத்துப் புளிக்கவிடுகிறவன். பல்வலியில்கூட ஒரு சுகம் கண்டுபிடிப்பான். கார்ஷினின் ஆள் பிறத்தியார் வலியைத் தன் தோலுக்கு வெளியே நிறுத்தத் தெரியாதவன். ரஷ்ய இருட்டு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. முன்னது பிரபலம். எனக்குப் பின்னதுதான் பெரிது.

மாமா ஒருவரின் பண்ணையில் தங்கிக் கார்ஷின் தேறினார். 1883இல் மருத்துவம் படித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், ரயில்வே தொடர்பான அலுவலகம் ஒன்றில் வேலைக்குப் போனார், 'சிவப்பு மலர்' எழுதினார். ஓவியர் ரேப்பின் அவரை உட்காரவைத்து வரைந்த படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மகனை அடித்துக் கொன்றுவிட்டு இவான் மன்னன் கட்டிப் பிடித்துக் கதறும் பிரபல ஓவியத்தில், சாகிற மகனின் முகத்துக்கும் கார்ஷினையே மாதிரியாக வைத்துக்கொண்டார் ரேப்பின். 1888 மார்ச்சில் நோய் திரும்பியது. வீட்டு மாடிப்படியின் நடுவெளியில் விழுந்தார், ஐந்து நாளில் இறந்தார்.

அவர் நினைவாக வந்த தொகுப்புக்குச் செகாவ் ஒரு கதை தந்தார். நண்பர்களோடு விபசாரத் தெருவுக்குப் போன மாணவன் ஒருவன், அங்கே பார்த்ததைத் தாங்க முடியாமல் நிலைகுலைகிறான். நண்பர்கள் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். அவர் புரோமைடும் மார்ஃபினும் எழுதித் தருகிறார். இதே மருந்துகளை அவன் முன்பும் சாப்பிட்டிருக்கிறான் என்று செகாவ் சொல்கிறார். அவரும் டாக்டர்தான், வேறு எப்படி எழுதுவார்? 1892இல் எழுதிய 'ஆறாவது வார்டு' இன்னும் ஒரு படி மேலே போகிறது. வலி என்பது மனசைப் பொறுத்தது என்று தத்துவம் பேசிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்த டாக்டரையே அந்த வார்டுக்குள் தள்ளிப் பூட்டுகிறார்கள். காவலாள் நிக்கிதாவின் குத்து முகத்தில் விழுந்த பிறகுதான் அவருக்கு உறைக்கிறது. மறுநாள் செத்துப்போகிறார்.

செம்யோனவ்ஸ்கி மைதானம் இருந்த இடத்தில் இப்போது சிறுவர் நாடக அரங்கம் நிற்கிறது.

'சிவப்பு மலர்' சின்னக் கதைதான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். படித்துப் பாருங்கள். இரவு டியூட்டியில் இருப்பவர்கள் மட்டும் முதலில் வார்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.