தொலைந்துபோன ஹெர்மீஸ், தொலையாத 2024 ஒய்ஆர்4

1937 அக்டோபர் 28. ஜெர்மனியின் ஹைடல்பர்க் வானாய்வகத்தில் கார்ல் ரைன்முத் எடுத்த படத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. விண்மீன்கள் புள்ளிகளாக நிற்க, ஒன்று மட்டும் நீளக் கோடாக இழுபட்டிருந்தால் அது பூமிக்கு மிக அருகே விரைகிறது என்று பொருள். இரண்டே நாளில் அந்தக் குறுங்கோள் சுமார் 7.4 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் பூமியைக் கடந்தது. நிலவு இருக்கும் தூரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஹெர்மீஸ் என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் சில நாள் அளவீடுகளை வைத்துப் பாதையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. குறுங்கோள் கைநழுவிப் போனது.

அன்றைய வேலைமுறை அப்படி. கண்ணாடித் தகட்டில் படமெடுத்து, கழுவி உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து மனிதக் கண்ணே தேட வேண்டும். செய்தி மற்ற வானாய்வகங்களுக்குத் தந்தியிலும் கடிதத்திலும் போய்ச் சேர்வதற்குள் குறுங்கோள் மங்கி மறைந்துவிடும். 1942-இல் ஹெர்மீஸ் முன்னைவிட நெருங்கி வந்து போயிருக்கிறது. அப்போது அதைப் பார்த்தவர் எவரும் இல்லை. அமெரிக்காவின் லோவெல் வானாய்வகம் 2003-இல் அதை மீண்டும் கண்டுபிடித்த பிறகே, பின்னோக்கிக் கணக்கிட்டு இதை அறிந்தார்கள். ஒன்றையொன்று சுற்றும் இரட்டைப் பாறை அது என்பதை ரேடார் காட்டியது. தொலைந்ததற்கும் மீண்டும் கிடைத்ததற்கும் இடையில் ஓடியவை 66 ஆண்டுகள்.

அதற்கு முன்பே தேடும் முறை மாறத் தொடங்கியிருந்தது. ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்பட்ட, பூமிக்கு அருகே வரும் அண்மைக் குறுங்கோள்களில் 90 விழுக்காட்டைப் பத்தாண்டில் கண்டறிவது என்று 1998-இல் நாசா இலக்கு வைத்தது. தகடுகளின் இடத்தை மின்னணுக் கேமராக்கள் பிடித்தன. இரவுதோறும் ஒரே வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, நகரும் புள்ளியைக் கணினியே பிரித்தெடுக்கிறது. மாசச்சூசெட்ஸில் உள்ள சிறுகோள் மையம் அளவீடுகளை உடனுக்குடன் வெளியிட, உலகெங்கும் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. தெரிந்த அண்மைக் குறுங்கோள்கள் இன்று 30,000-ஐத் தாண்டிவிட்டன.

2024 டிசம்பர் 27 அன்று சிலியில் இருந்து அட்லஸ் தொலைநோக்கி கண்ட 2024 ஒய்ஆர்4 என்ற குறுங்கோள் இந்தப் புதிய முறைக்கு நல்ல சான்று. சுமார் 60 மீட்டர் அகலம். 2032 டிசம்பர் 22-இல் பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 விழுக்காடு வரை ஏறியது. அளவீடுகள் சேரச் சேர, அந்த மாத இறுதிக்குள் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியது. குறுங்கோள் கடக்கக்கூடும் என்று கணிக்கும் ஐயப் பரப்பு சுருங்கும்போது பூமி அதற்குள் இருக்கும்வரை வாய்ப்பு ஏறும். பூமி வெளியே வந்ததும் சட்டென விழும். கணக்கின் இயல்பு இது.

ஆனாலும் ஒரு குறை நீடிக்கிறது. ஒய்ஆர்4 கண்ணில் பட்டதே பூமியைக் கடந்து இரண்டு நாள் கழித்துத்தான். 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்துச் சுமார் 1,500 பேரைக் காயப்படுத்திய பாறை, சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் முன்கூட்டி எவருக்கும் தெரியவில்லை. 140 மீட்டருக்கு மேற்பட்ட அண்மைக் குறுங்கோள்களில் பாதிகூட இன்னும் அகப்படவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்கவே அகச்சிவப்பில் பார்க்கும் நியோ சர்வேயர் விண்கலத்தை நாசா கட்டிவருகிறது.

ஆகவே, அடுத்த முறை ஒரு குறுங்கோளின் மோதல் வாய்ப்பு ஏறுவதாகச் செய்தி வந்தால் பதற வேண்டாம். நாம் அஞ்ச வேண்டியது பட்டியலில் ஏறிய பாறையைவிட, இன்னும் ஏறாத பாறைக்குத்தான். அதைத் தேடும் பணிக்குப் பணமும் பொறுமையும் குறையாமல் கிடைக்க வேண்டும்.