டேனிஷ் வாக்கியத்தில் கிரியையின் ஆசனம்

1620-ஆம் ஆண்டு தொடங்கி 1845 வரையில் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிபம் நடத்திய டேனிஷ்காரரின் பாஷையை இன்று புதிதாகக் கற்கப் புகும் தமிழர், கிரியையின் விகுதியைக் கொண்டே நானா, நீயா, அவளா என்று தெரிந்துகொண்டு பழகியவராதலால், அங்கே அத்தகைய விகுதி ஒன்றையும் காணாமல் முதலில் சற்றுத் திகைத்தே போவார். குடித்தலைக் குறிக்கும் 'ட்ரெக்கெ' என்பதன் இறுதியில் ஒரு 'ர்' சேர்ந்தால் நிகழ்காலம் ஆயிற்று. 'யாய் ட்ரெக்கர்' என்றால் நான் குடிக்கிறேன். 'டூ ட்ரெக்கர்' என்றால் நீ குடிக்கிறாய். 'ஹுன் ட்ரெக்கர்' அவள் குடிக்கிறாள். 'வி ட்ரெக்கர்' நாம் குடிக்கிறோம். அந்த 'ர்' கூட ஏட்டில்தான் துலக்கமாக நிற்கிறதேயன்றி, பேச்சில் ஓர் அகரச் சாயலாகத் தேய்ந்துவிடுகிறது. நாம் 'குடிக்கிறேன்' என்ற ஒரே சொல்லில் கர்த்தாவையும் அடக்கிவிடுகிறோம். டேனிஷில் 'யாய்' என்பதை விட்டுவிட்டால் குடிப்பவர் யாரென்றே விளங்காது.

விகுதியில் இத்தனை தாராளமான பாஷை, இடத்தின் விஷயத்தில் அணுவளவும் விட்டுக்கொடுப்பதில்லை. சாதாரண வாக்கியத்தில் கிரியைக்கு இரண்டாம் ஆசனம் என்பது நியதி. 'யாய் ட்ரெக்கர் கஃபெ', நான் காபி குடிக்கிறேன். இன்றைக்கு என்பதை முன்னே வைக்க விரும்பினால் 'இ டே ட்ரெக்கர் யாய் கஃபெ' என்றாகும்; 'இ டே' முதலிடத்தைப் பற்றிக்கொண்டதும் 'யாய்' பின்னுக்குப் போயிற்று, கிரியை மட்டும் அசையவில்லை. 'இ டே' எழுத்தில் இரண்டு சொல்லாயினும் பொருளில் ஒன்றாதலால் ஓரிடமாகவே கணக்காகும். ஆங்கிலம் அறிந்தவர்களே இங்கு அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இன்று என்று தொடங்கியபின் உடனே 'யாய்' என்று சொல்லத்தான் அவர்கள் நாக்கு துடிக்கும். ஆம் அல்லது இல்லை என்று விடை வேண்டும் கேள்வியிலோ கிரியை தன் ஆசனத்தை விட்டு முன்னே வருகிறது: 'ட்ரெக்கர் டூ கஃபெ?'

பெயர்ச்சொற்களில் இரண்டு பால்கள் உண்டு. ஏறத்தாழ முக்கால் பங்கு 'என்' வகுப்பையும் மற்றவை 'எட்' வகுப்பையும் சேர்ந்தவை. எது எந்த வகுப்பு என்பதை மனப்பாடம் செய்வதன்றி வேறு வழியில்லை. 'என் பீல்' என்றால் ஒரு கார். அதன்மேல் யாரும் உரிமை கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். 'எட் ஹூஸ்' ஒரு வீடு. குறிப்பிட்ட அந்தக் காரையும் அந்த வீட்டையும் சுட்டவேண்டின், முன்னின்றதே பின்னால் போய் ஒட்டிக்கொள்ள, 'பீலென்', 'ஹூஸெத்' என்றாகின்றன. இரண்டாவதில் வல்லோசை சற்று மெலிவதையும் கவனிக்கலாம். பெரிய என்ற அடை வந்துவிட்டாலோ அந்த ஒட்டு கழன்றுபோய், 'டெ ஸ்டோரெ ஹூஸ்' என்று தனிச்சொல்லாக முன்னே வந்து நிற்கும்.

இனி எதிர்மறை. 'இக்கெ' என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் தலைமை வாக்கியத்தில் அது கிரியைக்குப் பின்னும், காரணம் முதலியவற்றைக் கூறும் சார்பு வாக்கியத்தில் கிரியைக்கு முன்னும் வரும். நேரமில்லாததால் நான் வரவில்லை என்பதற்கு 'யாய் கொமர் இக்கெ, ஃபொர்டி யாய் இக்கெ ஹார் டீத்' என்பார்கள். முற்பாதியில் 'கொமர்' என்ற கிரியையின் பின்னே நின்ற 'இக்கெ', பிற்பாதியில் 'ஹார்' என்பதற்கு முன்னே வந்துவிட்டது.