ஒளி பழகுவோம் – 14: இரண்டாவது லென்ஸ்

"சின்ன கேமரா வாங்கலாமா, டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா?" கடைக்காரர்களே மறந்துபோன கேள்வி இது. ஆனால் சென்ற வாரம் ஷட்டர் வேகத்தைப் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. கேட்பவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். போன் கையில் இருக்கிறது, அதன் படங்கள் அலுத்துவிட்டன. புது மிரர்லெஸ் கேமராவின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் செகண்ட்ஹேண்ட் கடைகளில் ஏறி இறங்குகிறார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ஜாதிக் கேமராக்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தக் கேள்வியின் வயது இருபதுக்கு மேல். 2003 ஆகஸ்டில் கேனான் 300டி அறிவிக்கப்பட்டது. பாடி மட்டும் 899 டாலர், 18-55 லென்ஸோடு 999 டாலர். ஆயிரம் டாலருக்குக் கீழே வந்த முதல் டிஎஸ்எல்ஆர் அதுதான். பத்திரிகைக்காரர், ஸ்டூடியோக்காரர் தோளில் மட்டும் தொங்கிய பொருள் நடுத்தரக் குடும்பத்து ஆசைப் பட்டியலுக்குள் வந்தது. அடுத்த ஆண்டு நிக்கான் டி70, 2006இல் இன்னும் சிறிதாக டி40. 2010இல் உலகம் முழுவதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்குப் போயின. அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, லென்ஸைக் கழற்ற முடியாத சின்ன கேமராக்கள். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். போன் வந்து சின்ன கேமராவை விழுங்கியது. 2023இல் எல்லா வகையும் சேர்த்தே 80 லட்சத்தைத் தொடவில்லை. டிஎஸ்எல்ஆரும் பிழைக்கவில்லை. நிக்கானின் டி780, கேனானின் 850டி, இரண்டும் 2020இன் தொடக்கத்தில் வந்தவை. அதற்குப் பிறகு அந்த இரு நிறுவனங்களும் புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை.

ஆக, இன்றைக்கு இந்தக் கேள்வி இரண்டு பழைய பொருள்களுக்கு இடையிலான கேள்வி. விளம்பரம் இல்லை, புது மாடல் பரபரப்பு இல்லை. நிதானமாக யோசிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

மெகாபிக்சலை முதலில் ஒதுக்கிவிடலாம். 2008இல் கேனான் ஜி10 என்ற சின்ன கேமராவில் 14.7 மெகாபிக்சல் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ஜி11இல் அதே நிறுவனம் தானாகவே 10 மெகாபிக்சலுக்கு இறங்கியது, மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகப் போவதைக் குறைப்பதற்காக. விற்பவனே எண்ணைக் குறைத்த பிறகு வாங்குபவர் அதைப் பிடித்துத் தொங்குவானேன்?

பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பு. சாதாரண சின்ன கேமராவின் சென்சார் சுமார் 6.2 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. அகலம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, பரப்பு 28 சதுர மி.மீ. கேனானின் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் அது 329 சதுர மி.மீ., நிக்கானில் இன்னும் கொஞ்சம் கூடுதல். பன்னிரண்டு மடங்கு. இந்தக் கணக்கைச் சொல்லித்தான் அந்தக் காலத்தில் எல்லோர் தலையிலும் டிஎஸ்எல்ஆரைக் கட்டினார்கள். கணக்கு பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொன்னார்கள்.

மறுபாதி லென்ஸில் இருக்கிறது. சென்சார் எவ்வளவு பெரிதானாலும் முன்னால் இருக்கும் துவாரம் விடுகிற வெளிச்சம்தான் உள்ளே வரும். அந்தத் துவாரத்தின் கணக்கைத்தான் எஃப் எண் சொல்கிறது. எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். சென்சாரின் பரப்பை எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால், ஒரு கேமரா மொத்தமாக எவ்வளவு வெளிச்சத்தைச் சேர்க்கிறது என்று ஒப்பிட ஒரு எண் கிடைக்கும். தாளும் பேனாவும் போதும்.

சாதாரண சின்ன கேமரா, ஜூம் செய்யாத நிலையில் எஃப் 2.8: 28ஐ 7.84ஆல் வகுத்தால் மூன்றரை. கேனான் டிஎஸ்எல்ஆர், கூடவே வரும் 18-55 கிட் லென்ஸ், 18இல் எஃப் 3.5: 329ஐ 12.25ஆல் வகுத்தால் 27. டிஎஸ்எல்ஆர் ஜெயித்தது, சந்தேகமில்லை.

இப்போது மூன்றாவதாக ஒருவரைக் கூப்பிடலாம். 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பேட்டரியோடு 240 கிராம். பேன்ட் பாக்கெட்டில் போய்விடும். உள்ளே 13.2க்கு 8.8 மி.மீ. சென்சார், பரப்பு 116. லென்ஸ் ஜூம் செய்யாத நிலையில் எஃப் 1.8. 116ஐ 3.24ஆல் வகுத்தால் 36.

ஆம், 36. கிட் லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆரைவிடப் பாக்கெட் கேமரா கூடுதல் வெளிச்சம் சேர்க்கிறது. முழுக்க ஜூம் செய்தால் நிலைமை மாறும்: சோனி எஃப் 4.9க்கு இறங்கி 5 ஆகிவிடும், கிட் லென்ஸ் எஃப் 5.6இல் 10ல் நிற்கும். ஆனால் வீட்டுக்குள்ளும் தெருவிலும் நாம் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை ஜூம் செய்யாதவை. அந்த இடத்தில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியைச் சுமப்பதால் லாபம் ஏதுமில்லை.

அதே டிஎஸ்எல்ஆரில் கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால்? 329ஐ 3.24ஆல் வகுத்தால் 101. போட்டியே முடிந்தது.

இதைப் படத்தில் பார்க்க வேண்டுமானால் சாயங்காலம், வீட்டு ஹால், டியூப்லைட், ஓடுகிற குழந்தை. ஐ.எஸ்.ஓ. 1600 வைத்துக் கிட் லென்ஸை 55க்கு நீட்டினால் ஷட்டர் வேகம் நொடியில் முப்பதில் ஒரு பங்கைச் சுற்றித்தான் கிடைக்கும். குழந்தை இருந்த இடத்தில் ஒரு கலங்கல் விழும். எஃப் 1.8 லென்ஸில் அதே வெளிச்சத்தில் முந்நூறில் ஒரு பங்கு கிடைத்துவிடும். பறக்கும் தலைமுடி ஒவ்வொரு இழையாகத் தெரியும். பின்னால் இருக்கும் பீரோவும் துணிக்கொடியும் கரைந்துபோகும். 'பிளர்' என்று எல்லோரும் ஆசைப்படுவது இதைத்தான். கேனானின் அந்த 50 மி.மீ. லென்ஸ், 1990இல் வந்த பழைய வடிவம், வெறும் 130 கிராம் பிளாஸ்டிக். அந்த நிறுவனம் விற்ற மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று. அதைவிட விலை உயர்ந்த எத்தனையோ கிட் லென்ஸுக்கு இது வேலை கற்றுக்கொடுக்கும்.

ஆகவே என் பதில் ஒரு எதிர்க்கேள்விதான்: இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா? வாங்குவேன் என்பவருக்கு டிஎஸ்எல்ஆர். 'முதலில் கேமராவை வாங்குவோம், லென்ஸை அப்புறம் பார்த்துக்கலாம்' என்பவருக்கு நல்ல சின்ன கேமரா. ஏனென்றால் அந்த அப்புறம் பெரும்பாலான வீடுகளில் வருவதில்லை. 18-55ஐக் கழற்றாமலே பீரோவுக்குள் ஓய்வுபெற்ற டிஎஸ்எல்ஆர்கள்தான் இன்று செகண்ட்ஹேண்ட் கடைக்கு வருகின்றன. பளபளவென்று, புதுப்பெண் மாதிரி. (வாங்குபவருக்கு அது நல்ல சேதிதான்.)

நிக்கான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குழி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கேனானின் ஆட்டோபோகஸ் லென்ஸ்களில் 1987 முதலே மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது. எந்த ஆரம்பநிலை பாடியில் மாட்டினாலும் போகஸ் தானாக நடக்கும். நிக்கானின் பழைய லென்ஸ்கள் பலவற்றுக்கு மோட்டார் பாடியில் இருக்க வேண்டும். டி40 தொடங்கி டி60, டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். கடையில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. 1.8டி லென்ஸை வாங்கி டி3200இல் மாட்டினால் போகஸைக் கையால் திருகிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பெயரில் 'ஏஎஃப்-எஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். 2009இல் வந்த 35 மி.மீ. 1.8ஜி இந்த பாடிகளுக்கென்றே செய்தது, அதுவே போதும்.

கோவையில் படிக்கும் என் அக்கா மகள் சென்ற மாதம் போனில் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எனக்குப் பெரிய கேமராதானுங்க வேணும். சின்னதை எடுத்துட்டுப் போனா யாரும் மதிக்க மாட்டாங்க."

"என்னத்தை எடுக்கப் போறே கண்ணு?"

"டவுன் பஸ், உக்கடம் மார்க்கெட், காலேஜ் கேன்டீன்... எல்லாம்தானுங்க மாமா."

"அங்கெல்லாம் உன்னை மதிச்சாத்தான் தொல்லை."

சிரித்தாள், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கோ இதில் சந்தேகமே கிடையாது. மார்க்கெட்டில் டிஎஸ்எல்ஆரைத் தூக்கினால் வெங்காயக்காரர் சட்டையைச் சரிசெய்துகொள்வார், பக்கத்துக் கடைக்காரர் "எந்த சேனல் தம்பி?" என்பார், கேமராவுக்குள் கண்ணாடி மேலெழும் 'டப்' சத்தத்துக்கு மீதிப் பேரும் திரும்புவார்கள். நீங்கள் எடுக்க வந்த காட்சி அதற்குள் கலைந்துவிடும். ஜப்பானின் டைடோ மொரியாமா டோக்கியோ தெருக்களைப் பல்லாண்டுகளாகப் படமெடுத்தது ரிக்கோ ஜிஆர் என்ற பாக்கெட் கேமராவில்தான். முதலில் ஃபிலிம், பிறகு டிஜிட்டல். வசதி இல்லாமல் அல்ல; தெருவுக்கு அதுதான் கருவி. 2013இல் வந்த டிஜிட்டல் ரிக்கோ ஜிஆர், டிஎஸ்எல்ஆர் அளவுச் சென்சாரையே பாக்கெட்டுக்குள் வைத்துவிட்டது. ஜூம் கிடையாது. கால்தான் ஜூம்.

அவளுக்குப் பட்ஜெட் போதாவிட்டால் கேனான் எஸ்90 மாதிரி ஒன்றைத் தேடச் சொல்லியிருக்கிறேன். நம் கணக்கில் அது 11 வாங்கும். சாதாரண சின்ன கேமராவுக்கு மூன்று மடங்கு. உச்சி வெயிலில் அதன் திரையில் ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் மத்தியானத்தில், கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டருக்கு ஈடு கிடையாது.

இதற்கு நேரெதிரான ஆளும் கடிதம் போட்டிருக்கிறார். மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள், அரங்கேற்றம் வருகிறது, சபாவில் மூன்றாவது வரிசையில் இடம். இங்கே பாக்கெட் கேமராவுக்கு வேலை இல்லை. பிளாஷ் போடக்கூடாது, மேடை கிட்டத்தில் தெரிய வேண்டும், கால் நிற்காமல் ஓடுகிறது, பொத்தானை அழுத்திய கணத்திலேயே படம் விழ வேண்டும். பழைய சின்ன கேமராக்கள் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தடவித் தடவிப் போகஸ் பிடிக்கும். டிஎஸ்எல்ஆரில் தனிச் சென்சார் ஒன்று, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும். அடவு முடிந்த பிறகு கிளிக் ஆவதற்கும் அடவின் உச்சியில் கிளிக் ஆவதற்கும் வித்தியாசம் அதுதான். அவருக்கு டிஎஸ்எல்ஆரும் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும். கிட் லென்ஸே வேண்டாம், தள்ளிவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள் ஐயா.

வேடந்தாங்கலுக்குப் போய்ப் பறவை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டுமே சரிப்படாது. கிட் லென்ஸில் நத்தைகுத்தி நாரை ஒரு வெள்ளைப் புள்ளி. நிக்கான் பி900 போன்ற, லென்ஸ் கழற்ற முடியாத நீள ஜூம் கேமராக்கள் காலை வெயிலில் நன்றாகவே வேலை செய்யும். சென்சார் நகத்தளவுதான், மேகம் மூடினால் தடுமாறும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கடைக்குப் போகிறவர்கள் கவனத்துக்குச் சில. நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். போன் டார்ச்சை லென்ஸின் பின்புறத்திலிருந்து அடித்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சின்ன கேமராவில் பின்புறம் திறக்காது. வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துக் கறுப்புப் பொட்டுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வழி. டிஎஸ்எல்ஆர் சென்சாரின் தூசை புளோயரால் ஊதிவிடலாம். சின்ன கேமராவுக்குள் போன தூசுக்குக் கேமராவைப் பிரித்தாக வேண்டும். சின்ன கேமராவைப் பத்து முறை ஆன் செய்து அணையுங்கள். லென்ஸ் நீளும்போது 'கர்ர்' என்று இழுத்தால் அதன் நாள் எண்ணப்பட்டுவிட்டது. டிஎஸ்எல்ஆரில் இதுவரை எத்தனை கிளிக் ஆகியிருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் தன் படக் கோப்புக்குள்ளேயே அந்த எண்ணிக்கையை எழுதிவைக்கிறது. ஒரு படத்தை எடுத்துப் போனில் சரிபார்த்துவிடலாம். டி3500 மாதிரி மாடலுக்கு ஒரு லட்சம் கிளிக்வரை சோதித்த ஷட்டர் என்பது கணக்கு.

கார்டையும் மறக்காதீர்கள். மிகப் பழைய சின்ன கேமராக்கள் சில 2 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்டி கார்டை ஏற்காது. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி மாடல்கள் பல எக்ஸ்டி என்ற கார்டைக் கேட்கும். அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. கேமரா மலிவாகக் கிடைத்து, கார்டுக்கு ஊர் ஊராக அலைய வேண்டி வரும்.

பேட்டரி ஒரிஜினலா, சார்ஜர் கூடவே வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

(அடுத்த வாரம்: பிளாஷை எப்போது அணைப்பது)