முதலில் எடை, பிறகு அடி: பார்கின்சன் நோயாளிகளுக்கு டாங்கோ நடை

பார்கின்சன் நோயாளிகள் பலருக்குக் கை நடுக்கத்தைவிடப் பெரிய இடராக அமைவது, பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுவதாகும். நாற்காலியிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போதும், வாசற்படியைக் கடக்கும்போதும், குறுகிய குளியலறையில் திரும்பும்போதும் கால் திடீரென நகர மறுக்கிறது. இதனை நடை உறைதல் என்கிறோம். உடல் முன்னே சாய்ந்து பாதம் பின்தங்குவதால் நோயாளி விழ நேர்கிறது. விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தினால் சிலர் வெளியே செல்வதையே நிறுத்திவிடுகின்றனர்.

உறைதல் ஏன் ஏற்படுகிறது?

நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் நாம் எண்ணி வைப்பதில்லை. அந்தத் தன்னியக்கத்திற்கு மூளையில் சுரக்கும் டோபமின் இன்றியமையாதது. பார்கின்சன் நோயில் அது குறைவதால் தன்னியக்கம் தளர்கிறது. ஆயினும் வெளியிலிருந்து ஒரு தாளமோ, தரையில் ஒரு கோடோ, துணைவரின் சைகையோ கிடைக்குமாயின், மூளை வேறு வழியாக அடியைத் தொடங்க இயலும்.

டாங்கோ எதற்கு?

அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ், உருகுவேயின் மொண்டேவீடியோ ஆகிய துறைமுக நகரங்களில் தோன்றிய டாங்கோ, அடிப்படையில் இருவர் சேர்ந்து நடக்கும் நடைதான். தொடங்குதல், நிற்றல், மீண்டும் தொடங்குதல், திரும்புதல், பின்னோக்கி அடி வைத்தல் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. இந்நோயாளிகள் தடுமாறும் இடங்களும் இவையே. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹாக்னி, எர்ஹார்ட் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் 13 வாரங்களுக்குள் 20 வகுப்புகளில் நடனம் பயின்றனர். டாங்கோ குழுவினர், வேறு நடனம் பயின்ற குழுவினர் ஆகிய இரு சாராருக்கும் உடற்சமநிலை மேம்பட்டது. சில அளவீடுகளில் டாங்கோ குழுவினர் முன்னின்றனர். எனினும் இது நோயைக் குணப்படுத்தாது. மருந்துக்கு மாற்றும் அன்று.

தொடக்க அடிகள்

1. எடை மாற்றுதல்: பாதங்களைச் சற்றே அகற்றி நிமிர்ந்து நில்லுங்கள். பாதத்தைத் தூக்காமல், உடல் எடை முழுவதையும் ஒரு காலுக்கும் பின்பு மறு காலுக்கும் மெதுவாக மாற்றுங்கள். டாங்கோவின் முதற்பாடம் இதுவே. எடை நீங்கிய கால்தான் நகரும்.

2. பக்க அடி: எடையை இடக்காலுக்கு மாற்றி, வலக்காலை ஓரடி வலப்புறம் வையுங்கள். எடையை அதற்கு மாற்றிய பின்னரே இடக்காலை அருகில் சேருங்கள். பின்பு இடப்புறமும் இவ்வாறே செய்யுங்கள்.

3. முன்னடி: தாளத்திற்கு ஓரடி வீதம் நான்கு அடிகள் நீளமாக வைத்து நில்லுங்கள். மீண்டும் எடை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆறு அடிகளில் ஒரு சதுரத்தை வரையும் பால்டோசா என்னும் அடியும் தொடக்கநிலையினருக்குக் கற்பிக்கப்படுவதுண்டு. தரையில் பதிக்கும் ஓட்டுக்கான ஸ்பானியச் சொல் அது. அதில் பின்னடி வருவதால், இயன்முறை மருத்துவரின் முன்னிலையில் மட்டுமே பயிலுங்கள். டாங்கோ இசைதான் வேண்டும் என்பதில்லை. தாளம் சீராகவும் மெதுவாகவும் ஒலிக்கும் பழகிய பாடல் எதுவாயினும் போதும்.

துணையிருப்போர் கவனத்திற்கு

டாங்கோவில் வழிநடத்துபவர் தம் துணையை இழுப்பதில்லை. தம் எடையை மாற்றி, அடுத்த அடியை உணர்த்துகிறார். வீட்டிலும் இதுவே முறை. கால் உறைந்து நிற்பவரின் கையைப் பற்றி இழுத்தால், உடல் மட்டும் முன்னே வந்து அவர் விழக்கூடும். எதிரே நின்று முழங்கைகளைத் தாங்கிக்கொள்ளுங்கள். "நில்லுங்கள், நிமிருங்கள், எடையை மாற்றுங்கள், இப்போது அடி வையுங்கள்" என அமைதியாகக் கூறுங்கள். அவசரப்படுத்துதல் உறைதலை மிகுவிக்கும்.

பாதுகாப்பு

- மருந்து நன்கு வேலை செய்யும் வேளையில் 10 நிமிடங்கள் பயின்றால் தொடக்கத்திற்குப் போதும்.
- எழுந்ததும் தலைசுற்றல் வருமாயின் உடனே அமர்ந்து, எங்களிடம் தெரிவியுங்கள்.
- தரைவிரிப்பு, மின்கம்பி ஆகியவற்றை அகற்றுங்கள். துணைவர் பின்னோக்கி நடக்கும் வழியும் தடையின்றி இருக்கட்டும்.
- குதிகாலைப் பற்றிநிற்கும் காலணி அணியுங்கள். வழுக்கும் செருப்பைத் தவிருங்கள்.
- முதல் வாரங்களில் சமையல் மேடை அல்லது சுவரின் அருகிலேயே பயிலுங்கள்.

அண்மையில் விழுந்தவர்களும், இதய நோய் அல்லது எலும்புத் தேய்வு உள்ளவர்களும் எங்களைக் கலந்தாலோசித்த பின்னரே தொடங்க வேண்டும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, உறைதல் எந்த இடத்தில், எந்த வேளையில், மாத்திரை உட்கொண்டு எவ்வளவு நேரத்திற்குப் பின் நேர்ந்தது என்று குறித்துக் கொண்டுவாருங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் திருத்தியமைக்க அக்குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும்.