தீவே பள்ளிக்கூடம்



மாணவன் ஒருவன் உயர்கல்விக்காகக் கடல் கடந்து செல்கிறான் என்றால், பெரியதொரு நூலகத்தையோ ஆய்வுக்கூடத்தையோ நாடிச் செல்வதாகவே நாம் எண்ணுவது வழக்கம். ஈக்குவடார் நாட்டுக்கு உரிய காலாப்பகஸ் தீவுகளுக்கு வந்து இறங்கும் மாணவர்களோ, கரிய எரிமலைப் பாறைகளையும் கள்ளிகளையும் சில சிறு குருவிகளையும் நாடி வருகின்றனர். கீட்டோ நகரின் ஸான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இத்தீவுகளுள் ஒன்றான ஸான் கிறிஸ்டோபலில் தன் கிளையொன்றை நடத்திவருகிறது. பிறநாட்டு மாணவர்களும் அங்கே தங்கி, உயிரினங்கள் தம் சூழலோடு இயைந்து வாழும் முறையையும், அவை காலப்போக்கில் மாறிய வரலாற்றையும் பயில்கின்றனர்.

இதற்குத் தீவு எதற்கு என்று கேட்கலாம். இத்தீவுகள் தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், கடலடியிலிருந்து எரிமலைகளாக எழுந்தவை. எக்காலத்தும் பெருநிலத்தோடு ஒட்டியிருந்தவை அல்ல. ஆகவே பறந்தோ, நீந்தியோ, மிதந்தோ வந்த உயிர்களே அங்குக் குடியேறின. ஆமையும் ஓணானும் வந்து சேர்ந்தன. மெல்லிய தோலுடைய தவளை உப்புநீரைத் தாங்கித் தானாக வந்து சேரவில்லை. குடியேறியவை சிலவே ஆதலால், அவற்றுக்கு நேர்ந்ததைப் பிரித்தறிவது எளிது.

1835ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கு வந்த சார்லஸ் டார்வின், குருவிகளைக் கண்ட மாத்திரத்தில் உண்மையை உணர்ந்துவிட்டார் என்று பலர் எண்ணுகின்றனர். நடந்தது அதுவன்று. ஆமையின் வடிவைக் கொண்டே அது எந்தத் தீவினது என்று தம்மால் கூறமுடியும் என அங்கிருந்த அதிகாரி லாசன் சொன்னபோது, டார்வின் அதனை உடனே பொருட்படுத்தவில்லை. வெவ்வேறு தீவுகளில் பிடித்த குருவிகளுள் பலவற்றை இடக்குறிப்பு எழுதாமலே கலந்து வைத்துவிட்டார். கப்பலில் ஏற்றிய ஆமைகளோ உணவாயின. ஓடுகள் கடலில் எறியப்பட்டன! 1837இல் லண்டனில் பறவையியல் அறிஞர் ஜான் கூல்டு அக்குருவிகள் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள் என்று எடுத்துக்காட்டிய பின்னரே, டார்வின் உடன்பயணிகளின் சேகரிப்புகளைத் தேடிச் செல்ல நேர்ந்தது. மாதிரிப் பொருளோடு இடமும் நாளும் எழுதிவைக்க வேண்டும் என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல கதை இல்லை.

டார்வின் காணாததைக் கண்டவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் தம்பதியர். இவர்கள் 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் டாப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவுக்கு ஆண்டுதோறும் சென்று வந்தனர். அங்குக் குடிநீர் கிடையாது. அதையும் படகிலேயே கொண்டுசெல்ல வேண்டும். வலைவைத்துப் பிடித்த குருவியின் காலில் வண்ண வளையம் மாட்டி, அலகை அளந்து, மீண்டும் பறக்கவிடுவதே அவர்களுக்கு அன்றாட வேலையாயிற்று.

1977இல் மழை பொய்த்தது. குருவிகள் சிறிய மென்மையான விதைகளை விரைவிலேயே தின்று தீர்த்தன. எஞ்சியவற்றுள் முக்கியமானது, நம்மூர் வரப்புகளில் காலில் தைக்கும் நெருஞ்சிக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் முள்நிறைந்த காய். தடித்த அலகுடைய குருவியால்தான் அதனை உடைக்க இயலும். நடுத்தர அளவுள்ள தரைக்குருவி இனத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து வரை மறைந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிப்பு, முன்பிருந்ததைவிட அரை மில்லிமீட்டர் அளவு கூடுதலாக இருந்தது. அவற்றின் குஞ்சுகளும் தடித்த அலகையே பெற்றன. 1983இல் பெருமழை கொட்டிச் சிறுவிதைகள் பெருகவே, அடுத்த சில ஆண்டுகளில் காற்று மாறி வீசியது. சிற்றலகுக் குருவிகளுக்கு வாழ்வு வந்தது. பல்லாயிரம் ஆண்டுக் கதை என்று நாம் எண்ணியிருந்த மாற்றம், ஒரு மாணவனின் படிப்புக் காலத்துக்குள் அளவுகோலில் தெரிந்துவிட்டது. அரை மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தோன்றலாம்; பசித்த குருவிக்கு அது உயிர்.

தனித்திருந்து வளர்ந்த உயிர்களுக்குப் புதிய பகைவரை எதிர்க்கும் பழக்கமில்லை. 1959இல் பின்டா தீவில் மீனவர் விட்ட சில ஆடுகள் பல்லாயிரமாகப் பெருகி, ஆமைகளுக்கு உரிய பசுமையை மேய்ந்தழித்தன. அத்தீவின் ஆமையினத்தில் எஞ்சிய ஒற்றை ஆண் ஆமை, ‘தனிமை ஜார்ஜ்’ என உலகறிந்தது, 2012இல் மாண்டது. இன்று அங்கு வருவோரின் பெட்டிகளில் விதையோ பூச்சியோ உண்டா என்று சோதிப்பது இதனாலேதான்.

இக்கல்விக்கு ஈக்குவடார்வரை செல்ல இயலாதவர் அந்தமானுக்குச் செல்லலாம். நார்கொண்டம் என்னும் எரிமலைத் தீவில் வாழும் ஒருவகை இருவாய்ச்சிப் பறவை உலகில் வேறெங்கும் இல்லை. அந்தமானில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான், வேட்டையாடும் விலங்கு இன்மையால் தீவுக்குத் தீவு நீந்திப் பரவி, இளங்கன்றுகளை மேய்ந்துவருகிறது. 2024இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேரிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் நேயர்கள், மான் உள்ள தீவின் காட்டையும் இல்லாத தீவின் காட்டையும் ஒருமுறை உள்ளே புகுந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மான் உள்ள தீவில் பெருமரங்களின் அடியில் இளமரக் கன்றுகள் அரிதாக இருப்பது கண்ணில் படும்.