மழையில் நனைந்த பைக் ஸ்டார்ட் ஆகலையா? செல்ஃப் பட்டனை அழுத்தும் முன் இதைப் பாருங்க!

ராத்திரி முழுக்க மழை. காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. வடகிழக்குப் பருவமழை வந்தாலே சென்னைவாசிகளுக்குப் பழகிப்போன தொல்லை இது.

என்ன காரணம்?

பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக் கேப் தளர்ந்திருந்தாலோ, அதன் ஒயரில் விரிசல் இருந்தாலோ ஈரம் புகுந்துவிடும். மின்சாரம் பிளக்கின் நுனிக்குப் போகாமல், ஈரத்தின் வழியே இன்ஜின் பாடிக்குக் கசிந்துவிடும். தீப்பொறி வராது, பெட்ரோலும் எரியாது.

என்ன செய்யலாம்?

சாவியை ஆஃப் செய்துவிட்டு, பிளக் கேப்பைக் கழற்றுங்கள். கேப்பின் உட்புறத்தையும், பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதியையும் உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி இறுக்கமாக அழுத்தி மாட்டுங்கள். பல நேரம் இதுவே போதும். விடாமல் செல்ஃப் அடித்தால் பேட்டரிதான் இறங்கும்.

எப்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது?

வண்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் கதையே வேறு. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்றைப் போல தண்ணீர் அமுங்காது. அதனால் ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளைய வாய்ப்பு உண்டு. அப்புறம் இன்ஜினையே பிரிக்க வேண்டியதுதான். இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி தெரிந்தால், உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அவசரம் என்றாலும் அன்றைக்கு பஸ்ஸில் போய்விட்டு, வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதுதான் லாபம்.